கித்தா சுற்றிய கம்பி: லயத்து வீடு முதல் வீட்டுக் கணினி வரை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வீட்டுக் கணினிகளை இணைக்க எந்தக் கேபிளை வாங்குவது, எப்படிப் பூட்டுவது?" என்பது இன்றைய தலைப்பு. வரலாறு பேசுகிறவனுக்கு இந்தத் தலைப்பில் என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். வேலை இருக்கிறது. இந்த நாட்டில் கேபிளின் கதையும் தோட்டத்துத் தமிழரின் கதையும் ஒன்றோடு ஒன்று முறுக்கிக்கொண்டு வந்தவை. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டு கம்பியைக் கையில் எடுத்தால், அதன் அருமை கூடுதலாகப் புரியும்.

நான் வளர்ந்தது நெகிரி செம்பிலானில், சிலியாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். துரை பங்களாவுக்கும் ஆபீசுக்கும் போகும் தொலைபேசிக் கம்பி எங்கள் லயத்துக்குப் பின்னால் கம்பத்துக்குக் கம்பம் தாவிப் போகும். அதில் குருவிகள் உட்கார்ந்திருக்கும். மழைக்காலத்தில் கம்பி மீது மரக்கிளை விழுந்தால், ஏறி எடுத்துவிட எங்கள் ஆட்களைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் அந்தக் கம்பியில் ஒரு வார்த்தை பேசியவர் எங்கள் லயத்தில் ஒருவரும் இல்லை. கம்பி நம் வீட்டைத் தாண்டிப் போயிற்று, வீட்டுக்குள் வரவில்லை. இன்று நான் சொல்ல வந்த வரலாறு முழுவதும் இந்த இரண்டு வரிக்குள் அடங்கிவிடும்.

"கித்தா" என்ற சொல்

நாம் ரப்பர் மரத்தைக் கித்தா மரம் என்கிறோம். மலாய் மொழியில் 'கெத்தா' என்றால் மரத்திலிருந்து வடியும் பிசின். அந்தச் சொல்தான் நம்மவர் வாயில் கித்தா ஆயிற்று. இதே சொல் இன்னொரு வழியாக ஆங்கிலேயர் வாய்க்கும் போய், 'கட்டாபெர்ச்சா' என்று உலகம் சுற்றியது.

கட்டாபெர்ச்சா ரப்பர் அல்ல. தீபகற்பத்துக் காடுகளிலும் சுமத்ரா, போர்னியோ காடுகளிலும் தானாக வளரும் தாபான் என்ற மரத்தின் பிசின் அது. வெந்நீரில் போட்டால் இளகும். பிடித்த வடிவத்தில் ஆறவிட்டால் இறுகிவிடும். மலாய்க்காரர்கள் அதில் பாராங் கத்திக்குப் பிடி செய்துவந்தார்கள். சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த வில்லியம் மாண்ட்கோமரி இதைக் கவனித்து, 1843-இல் லண்டனுக்கு மாதிரி அனுப்பினார்.

அந்த நேரத்தில் ஐரோப்பாவில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. தந்தி கண்டுபிடித்தாகிவிட்டது. ஆனால் செம்புக் கம்பியைத் தண்ணீருக்குள் போட்டால் மின்சாரம் கசிந்துவிடுகிறது. கடலைத் தாண்டிச் செய்தி அனுப்ப வழியில்லை. ஜெர்மனியில் வெர்னர் சீமென்ஸ் 1847-இல் கம்பியைச் சுற்றிக் கட்டாபெர்ச்சாவைப் பூசிப் பார்த்தார். இங்கிலாந்தில் மைக்கேல் ஃபாரடே 1848-இல் இந்தப் பிசின் மின்சாரத்தைக் கசியவிடாது என்று எழுதினார். 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடித் தந்தி ஓடியது. 1866-இல் அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அடியில் நிலையான தந்தித் தொடர்பு ஏற்பட்டது. இத்தனைக்கும் உறை, இந்த வட்டாரத்துக் காட்டுப் பிசின்தான்.

இதற்குக் கொடுத்த விலை சாதாரணமல்ல. தாபான் மரத்தை நம் கித்தா மரம் போலக் கீறிப் பால் எடுக்க முடியாது. மரத்தையே வெட்டிச் சாய்த்துப் பட்டையில் வளையம் போடுவார்கள். பல ஆண்டு வளர்ந்த மரத்திலிருந்து கிடைப்பது சொற்பப் பிசின். 1850-களின் முடிவுக்குள் சிங்கப்பூர்த் தீவில் அந்த மரம் ஏறத்தாழ அற்றுப்போனது. பிறகு வெட்டுக்கத்தி தீபகற்பத்துக் காடுகளுக்குள் நகர்ந்தது.

சென்னையிலிருந்து பினாங்குக்கு

கடலடித் தந்தி நம் பக்கம் வந்தது எப்போது தெரியுமா? 1870-71-இல் சென்னையிலிருந்து பினாங்குக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கேபிள் போடப்பட்டது. நம் பாட்டன்மார் கப்பல் ஏறிய அதே கடல்வழி. அவர்கள் கப்பலில் நாள்கணக்கில் வாந்தியும் மயக்கமுமாகக் கடந்த தொலைவை, அடியில் கிடந்த கம்பியில் செய்தி நிமிடக்கணக்கில் கடந்தது.

தந்தி என்பதே கம்பி என்று பொருள்படும் சொல். வீணைத் தந்தி என்கிறோம் அல்லவா? ஆனால் நம் வீடுகளில் "தந்தி வந்திருக்கு" என்றால் சாவுச் செய்தி என்றுதான் பொருள். பெண்கள் பிரித்துப் பார்க்கும் முன்பே அழத் தொடங்குவார்கள். தந்திக்குச் சொல்லுக்குச் சொல் காசு. ஆகவே உயிர் போனால் மட்டும்தான் ஏழை தந்தி அடிப்பான். மற்றதெல்லாம் கடிதம், அது கப்பலேறி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

முதலாளிகளுக்கு அப்படியல்ல. நெகிரி செம்பிலானில் சுங்கை ஊஜோங் பகுதியில் முதலில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1891-இல் சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் வரை ரயில் ஓடத் தொடங்கியது. காப்பி சரிந்ததும் ரந்தாவ், லாபு, லுக்குட், பகாவ் என்று எங்கும் கித்தா பரவியது. 1907-இல் தமிழ்த் தொழிலாளர் குடியேற்ற நிதி அமைந்தபின் ஆட்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கினார்கள். 1910-இல் லண்டன் சந்தையில் ஒரு பவுண்டு ரப்பர் 12 ஷில்லிங்குக்கு மேல் ஏறியது. அந்த விலை கேபிள் வழியாக உடனுக்குடன் இங்கே வந்தது. 1930 வாக்கில் விலை அடிமட்டத்துக்கு விழுந்தபோதும் செய்தி அதே கேபிளில்தான் வந்தது. கூலி குறைந்தது; ஆட்கள் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பிரட்டுக் களத்தில் நின்றவனுக்கு எதனால் இப்படி என்று கடைசிவரை தெரியாது. செய்தி யார் கையில் இருக்கிறதோ, முடிவும் அவர் கையில் இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாம் வெட்டிய பால் பெரும்பாலும் மோட்டார் டயருக்குப் போனது உண்மை. ஆனால் ஒரு பகுதி மின்கம்பிக்கு உறையாகப் போயிற்று. இரண்டாம் உலகப் போர்க்காலம் வரையிலும் அதற்குப் பின் சில ஆண்டுகளும், வீட்டு மின்கம்பி என்றால் கித்தா உறை போட்டதுதான். பிளாஸ்டிக் உறை பிறகு வந்தது. லண்டன் வீடுகளில் விளக்கெரியக் கம்பிக்கு உறை கொடுத்தவர்கள், நான்கு மணிக்கு எழுந்து மண்ணெண்ணெய் விளக்கோடு மரத்தடிக்குப் போனார்கள். தொழிலாளர் வீட்டு வசதிக்குக் குறைந்தபட்ச அளவுகளை வகுத்த சட்டம் 1966-இல்தான் வந்தது. அதன் பிறகும் பல தோட்டங்களில் ஜெனரேட்டர் மாலையில் சில மணி நேரம் ஓடும். பத்து மணி வாக்கில் நின்றுவிடும். பாடம் படித்துக்கொண்டிருந்த பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டுப் படுக்க வேண்டியதுதான்.

கணினி வந்தது, கம்பி வரவில்லை

1990-களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. நீலாய், சிரம்பான், செனவாங் சுற்றுவட்டாரத்தில் கித்தா நின்ற நிலங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. எஞ்சிய இடங்களில் செம்பனை வந்தது. நம்மவர்கள் தாமான்களுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தார்கள். பல தமிழ்ப்பள்ளிகள் இன்றும் "லாடாங்" என்ற பெயரைச் சுமந்துகொண்டு பட்டணத்தில் நிற்கின்றன.

அதே காலத்தில்தான் கணினி வந்தது. 1996-இல் அரசாங்கம் மல்டிமீடியா பெருவழித் திட்டத்தைத் தொடங்கியது. 2000 வாக்கில் ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுத்துக் கணினி வாங்கவும் சிறிது காலம் அனுமதி இருந்தது. சேமநிதியை நம்பி முதுமையைக் கழிக்க வேண்டிய பால்மரத் தொழிலாளி, பிள்ளைக்காக அதில் கைவைத்தார் என்றால் அந்த ஆசை எவ்வளவு பெரியது என்று எண்ணிப் பாருங்கள். தமிழும் அப்போது கணினியில் ஏறிவிட்டது. நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் பல வீடுகளில் இருந்தது. 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு நம் கோலாலம்பூரிலேயே நடந்தது.

இணையத்துக்குத் தொலைபேசிக் கம்பிதான் வழி. 1515 என்ற எண்ணைச் சுழற்றினால் மோடம் 'கீ... கர்ர்' என்று கத்தும். அண்ணன் இணையத்தில் இருந்தால் அம்மாவுக்குப் போன் வராது. 2001-இல் ஸ்ட்ரீமிக்ஸ் அகண்ட அலைவரிசை வந்தது. அதுவும் அதே செம்புக் கம்பியில்தான் ஓடியது. அதன் குணம், தொலைபேசி நிலையத்திலிருந்து தொலைவு கூடக்கூட வலு குறைந்துகொண்டே போகும். ஐந்து கிலோமீட்டர் வாக்கில் மூச்சு நின்றுவிடும். சிரம்பான் நகரத்தில் இருந்தவனுக்குக் கிடைத்தது. பகாவ், கெமெஞ்சே பக்கம் செம்மண் சாலைக்கு உள்ளே இருந்தவனுக்குக் கிடைக்கவில்லை. போதாக்குறைக்குச் செம்புக்காகக் கேபிளையே அறுத்துக்கொண்டு போகும் திருடர்கள் வேறு. மறுபடியும் கம்பி நம்மைத் தாண்டிப் போயிற்று.

2010-இல் யூனிஃபை என்ற ஒளியிழைச் சேவை தொடங்கியது. இப்போது செம்பும் இல்லை, கித்தாவும் இல்லை. கண்ணாடி இழையில் ஒளி ஓடுகிறது. 2002-இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலடியில் போட்ட கேபிளும் ஒளியிழைதான். வங்கக் கடலின் பழைய தந்திப் பாதைக்குப் புதிய இழை வந்துவிட்டது. இனி, வாசல்வரை வந்த கம்பியை வீட்டுக்குள் எப்படிப் பகிர்வது என்பதைப் பார்ப்போம். இந்தக் கடைசி இருபது அடி நம் கையில் இருக்கிறது.

முறுக்கில் இருக்கிறது சூட்சுமம்

கணினிகளை இணைக்கும் 'ஈதர்நெட்' முறை 1973-இல் அமெரிக்காவில் ராபர்ட் மெட்காஃப் எழுதிய குறிப்பில் தொடங்கியது. முதலில் விரல் பருமனுள்ள கேபிள் பயன்பட்டது. பிறகு தொலைக்காட்சி ஏரியல் வயர் போன்ற மெல்லிய கேபிள் வந்தது. அதில் எல்லாக் கணினியும் ஒரே வரிசையில் தொங்கும்; ஒரு மூட்டு கழன்றால் மொத்தமும் படுத்துவிடும். 1990-இல்தான் இன்றைய முறை வந்தது. நடுவில் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கம்பி. ஒன்று அறுந்தால் மற்றது நிற்காது.

இந்தக் கம்பியின் அடிப்படை 1881-இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் கண்டது. இரண்டு கம்பிகளைக் கயிறு போல முறுக்கிவிட்டால், வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறும். அடுத்த முனையில் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் படிப்பதால் இரைச்சல் கழிந்துவிடும். இன்றைய கேபிளுக்குள் இப்படி நான்கு இணைகள், எட்டுக் கம்பிகள் இருக்கின்றன. ஒவ்வோர் இணையின் முறுக்கும் வெவ்வேறு நெருக்கம் கொண்டது. ஓர் இணையின் பேச்சு அடுத்த இணைக்குக் கேட்கக் கூடாது என்பதற்காக. பூட்டும்போது முறுக்கை அவிழ்த்துவிட்டால் கேபிளின் உயிரையே எடுத்துவிட்டோம் என்று பொருள். முனையில் அரை அங்குலத்துக்கு மேல் அவிழ்க்காதீர்கள்.

எதை வாங்குவது? கேபிளின் மேலுறையில் வகை எண் அச்சிட்டிருக்கும். கேட் 5இ வகையே வினாடிக்கு 1 கிகாபிட் வேகத்தை 100 மீட்டர் வரை கொண்டு போகும். மாடி வீட்டுக்கும் அது போதும். புதிதாகச் சுவருக்குள் புதைக்கிறீர்கள் என்றால் கேட் 6 போடுங்கள்; மறுபடி சுவரை உடைக்க யாருக்கும் மனம் வராது. சுவருக்குள் போவது ஒற்றைச் செம்புக் கம்பி உள்ள கேபிளாக இருக்கட்டும். கணினிக்கும் சுவருக்கும் இடையே அடிக்கடி வளைவது பல இழை கொண்ட மெல்லிய கேபிளாக இருக்கட்டும்.

மலிவாக இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய கேபிள் சந்தையில் உண்டு. நானும் ஒருமுறை வாங்கி ஏமாந்தவன். ஆறு மாதத்தில் மூட்டுகள் ஒவ்வொன்றாக ஒடிந்தன. ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பூட்டும் வரிசை இதுதான். பிளக்கின் கொக்கி கீழ்ப்பக்கம் இருக்க, கம்பி நுழையும் வாய் உங்களைப் பார்க்க, இடமிருந்து வலமாக: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரு முனையிலும் இதே வரிசை. பலர் செய்யும் பிழை, பச்சை இரண்டையும் அடுத்தடுத்து வைப்பது. பார்க்க ஒழுங்காக இருக்கும்; சோதனைக் கருவியில் விளக்கும் எரியும்; ஆனால் இணை பிரிந்துபோவதால் இரைச்சல் ஏறி இணையம் ஊரும். பச்சை இரண்டுக்கும் நடுவே நீல இணை உட்கார்ந்தே ஆக வேண்டும்.

மின்சார வயரோடு ஒரே குழாயில் இதைப் போடாதீர்கள். ஓர் அடியாவது தள்ளிக் கொண்டு போங்கள். குறுக்கே கடக்க வேண்டுமானால் நேர்க் குறுக்காகக் கடக்கட்டும். கூர்மையாக மடிக்க வேண்டாம். மின்சார வயரில் கை வைப்பது உரிமம் பெற்றவரின் வேலை. இந்தக் கேபிளைப் பூட்டுவது பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் கைகூடும்.

இடியை மறக்காதீர்கள்

நம் நாட்டில் ஆண்டில் பாதி நாட்களுக்கு மேல் இடி முழங்கும் பகுதிகள் உண்டு. ஒரு மாலை தொலைபேசிக் கம்பி வழியாக வந்த மின்னல் என் வீட்டு மோடத்தைக் கருக்கி, அங்கிருந்து கேபிளில் ஏறி இரண்டு கணினிகளையும் தின்றுவிட்டது. இணைத்தால் பகிரலாம், இடியையும் சேர்த்துத்தான் பகிர்கிறோம். வானம் கறுத்தால் மின்சாரப் பிளக்கோடு தொலைபேசிக் கம்பியையும் கழற்றுங்கள். ஒளியிழையில் மின்னல் ஏறாது. ஆனால் பெட்டிக்கு வரும் மின்சாரத்தில் ஏறும். அண்ணன் வீட்டிலிருந்து தம்பி வீட்டுக்கு வெட்டவெளியில் செம்புக் கேபிள் இழுக்கவே இழுக்காதீர்கள்.

கம்பியில்லா வைஃபை இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பீர்கள். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடப்பட்டதை நினைத்துப் பாருங்கள். அப்போது கல்வி அமைச்சு எடுத்த கணக்கில் ஏறத்தாழ 37 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியுமே இல்லை. கருவி இருந்த வீடுகளிலும் மூன்று பிள்ளைகள் மூன்று அறையில் ஒரே நேரத்தில் பாடம் கேட்டார்கள். வைஃபை ஒரு செங்கல் சுவரைத் தாண்டியதும் தளர்ந்துவிடும். பின்னறையில் இருந்தவன் ஆசிரியரின் பாதி வாக்கியத்தைத்தான் கேட்டான். பின்னறைக்கு ஒரு கேபிள் இழுத்துக் கொடுத்த வீடுகளில் அந்தக் குறை இருக்கவில்லை. இருபது மீட்டர் கேபிளும் நான்கு பிளக்கும் பெரிய செலவல்ல.

நம் பாட்டன்மார் வெட்டிய கித்தா உலகத்துக் கம்பிகளுக்கு உறையாயிற்று. அந்தக் கம்பிகள் அவர்கள் தலைக்கு மேலும், அவர்கள் வந்த கடலுக்கு அடியிலும் ஓடின. அவற்றில் ஒரு சொல்லும் அவர்களுக்காக வரவில்லை. இன்று வாசல்வரை வந்துவிட்டது. முன்னறையில் நிறுத்திவிடாமல், கடைசி அறையில் படிக்கும் கடைசிப் பிள்ளைவரை அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் பொறுப்பு. தோட்டங்களில் இன்னும் கம்பி எட்டாத வீடுகள் இருந்தால், அவற்றுக்காகக் கேட்க வேண்டிய பொறுப்பும் நம்முடையதே.